சிமெண்டில் நட்ட ஸ்டூல்

பாக்கி நாற்பத்தேழு வெள்ளி எண்பது காசு. கிள்ளான் கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஜெய்னுலாபுதீனுக்கு நாகையா கொடுக்க வேண்டியது. ஒரு பச்சைப் புடவை, அதற்கு ஒரு உள்பாவாடை, கொள்ளி வைக்க நாகையாவுக்கு ஒரு வேட்டி. புடவை அவன் மனைவி பூமணிக்கு. அதைக் கட்டிக்கொண்டுதான் அவள் சுடுகாட்டுக்குப் போனாள்.

முறைப்படி அந்தக் கோடிப் புடவை பிறந்த வீட்டிலிருந்து வரவேண்டும். பூமணிக்கு ஒரே அண்ணன். வடக்கே தூரத்தில், தாப்பாவில் இருந்தான். பஸ் பிடித்து வந்து சேர நேரமாகும் என்று போனில் சொல்லியிருந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து பகல் பன்னிரண்டு மணிக்கே உடம்பைக் கொடுத்துவிட்டார்கள். நாகையா சைக்கிளை மிதித்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனான். அன்று வெள்ளிக்கிழமை. ஜெய்னுலாபுதீன் கடையைச் சாத்திவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார். நாகையா கடை வாசலில் நின்றான். தொழுகை முடிந்து வந்தவர் அவன் முகத்தைப் பார்த்தார். கதவைத் தூக்கி, பூமணி வழக்கமாக எடுக்கும் அலமாரியிலிருந்து பச்சைப் புடவையை உருவினார். காசைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் போங்கள் என்றார்.

அது நடந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. அடுத்த வாரம் புதன்கிழமை பூமணிக்குத் தலைத்திவசம்.

நாகையாவிடம் காசு இல்லாமல் இல்லை. மூன்று தடவை சட்டைப் பையில் ஐம்பது வெள்ளி நோட்டை மடித்து வைத்துக்கொண்டு கடைத்தெரு முனையில் லோரியை விட்டு இறங்கியிருக்கிறான். மூன்று தடவையும் கடைக்கு எதிர்ப்பக்கம் நின்று பால் விடாத தே ஓ ஒன்று வாங்கிக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான். கால் அந்தப் பக்கம் போகவில்லை, அவ்வளவுதான். அவளுக்காகச் செய்யவேண்டியது என்று மிச்சம் இருந்தது அந்த ஒரு வேலைதான். அதையும் செய்துவிட்டால் அப்புறம் ஒன்றும் இல்லை.

பூமணியின் அண்ணன் மனைவி சீதாலெட்சுமி இப்போது பக்கத்தில் சுங்கை பூலோவுக்குக் குடி வந்துவிட்டாள். மாதம் ஒருமுறை வந்து கேட்பாள்.

"என்னாண்ணே, பாய் கடை பாக்கிய குடுத்தாச்சா?"

"குடுக்கணும்."

"செத்தவளுக்குக் கடன் புடவையக் கட்டி அனுப்பிட்டு நிம்மதியா எப்படி சோறு எறங்குது உங்களுக்கு? நாங்கதான் கொண்டு வந்துகிட்டு இருந்தோமே, ஒரு மணி நேரம் பொறுக்கக்கூடாதா?"

"பொறுத்திருக்கலாம்."

"வருஷத்துக்குள்ள அடைக்கலைன்னா நான் அந்தப் படையல்ல கை வைக்க மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

அவனுக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. அழுகையும் இந்த ஒரு வருஷத்தில் வரவில்லை. ஊசி போட்ட பல் மாதிரி எல்லாம் மரத்துக் கிடந்தது. வேலைக்குப் போனான், வந்தான், சோறாக்கினான், தின்றான்.

இரண்டு மாதத்துக்கு முன்னால், நாகையா கொத்து வேலை பார்க்கும் கொந்திராக்டர் சபாபதிக்கு பிரிக்பீல்ட்ஸில் ஒரு வேலை கிடைத்தது. தண்டவாளத்துக்குப் பக்கத்துச் சந்தில் பழைய பங்களா ஒன்று. அதன் முன்பக்கம் மூன்று அறைகளை இடித்துக் கட்டி, ஒரு மியூசியமாக ஆக்கவேண்டும்.

"மியூசியமா? என்னா வைக்கப் போறாங்க, சபாபதியோட பழைய லோரியவா?" என்றான் ராதாகிருஷ்ணன். இவன் நாகையாவோடு பதினைந்து வருஷமாகச் சிமெண்டு குழைப்பவன். வாய் ஓயாது.

"ஆப்பிரிக்காவாம் டா" என்றான் சபாபதி. "அந்தம்மாவோட தம்பி அங்க பெரிய டாக்டரு. அவரு பேர்ல வைக்கிறாங்க. ரெண்டு மாசத்துல தெறப்பு விழா. அதுக்குள்ள முடிக்கலைன்னா என் கழுத்துக்குக் கத்தி. சாமானுங்க மேல கீறல் விழுந்துச்சு, உங்க கழுத்துக்கு."

அந்தம்மா பெயர் புனிதவதி. யாழ்ப்பாணத்துக் குடும்பம். அப்பா ரயில்வேயில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். புனிதவதி பள்ளிக்கூடத்துப் பெரிய டீச்சராக இருந்து ஓய்வு பெற்று, வெள்ளைப் புடவையும் கண்ணாடியுமாகத் தனியே அந்த வீட்டில் இருந்தார். தம்பி டாக்டர் சண்முகரத்தினம் ஆப்பிரிக்காவில் இப்போது கானா என்கிற நாட்டுக்கு ஐம்பத்து நாலாம் வருஷம் போனவர். இரண்டு வருஷத்தில் திரும்புவேன் என்று போனவர் அங்கேயே இருபத்தொரு வருஷம் இருந்துவிட்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இளம்பிள்ளை வாதம் வந்த பிள்ளைகளுக்கு ஒரு ஆஸ்பத்திரி கட்டினார். காலரா வந்தபோது கிராமம் கிராமமாக நடந்தார். கடைசியில் அங்கேயே காய்ச்சலில் போனார். அவர் சேர்த்து வைத்த சாமான்களும், அந்த ஊர் சனங்கள் அவருக்குக் கொடுத்த சாமான்களும் பன்னிரண்டு வருஷம் கழித்து ஒன்பது மரப்பெட்டிகளில் கிள்ளான் துறைமுகத்துக்கு வந்து இறங்கின.

பெட்டிகளை நாகையாவும் ராதாகிருஷ்ணனும்தான் பிரித்தார்கள். வைக்கோலுக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக வந்தது. ஆள் உயரத்துக்கு ஒரு ஜோடி முரசு. கை அகலத்துக்குக் கட்டம் கட்டமாக நெய்து தைத்த கெந்தே துணி, மஞ்சளும் சிவப்பும் பச்சையுமாக. தங்கம் நிறுக்கிற பித்தளைப் படிக்கற்கள், சுண்டுவிரல் அளவுக்கு மீனும் முதலையுமாக. மரச்சீப்புகள். அதற்கடியில் சின்னச் சின்ன இரும்புக் கவசங்கள், தோல்வாரோடு, ஜோடி ஜோடியாக.

"இது என்னாம்மா, சண்டைக்குப் போடுறதா?" என்று கேட்டான் ராதாகிருஷ்ணன்.

"பிள்ளையளின்ரை கால்" என்றார் புனிதவதி. "நடக்க ஏலாத பிள்ளையளுக்குத் தம்பி பூட்டிவிட்டது. வளர வளரப் பெரிசு மாத்துவினம். இது கழட்டினது."

ராதாகிருஷ்ணன் அவற்றை ஒவ்வொன்றாகத் துடைத்து, ஜோடி பிரியாமல் அடுக்கி வைத்தான்.

ஒவ்வொரு சாமானுக்கும் கீழே மூன்று மொழியில் ஒரு அட்டை வரும், அச்சாபீஸில் இருக்கிறது, திறப்புக்கு முதல்நாள் கிடைக்கும் என்று புனிதவதி சொன்னார். நாகையாவுக்கு அந்த அட்டைகள்மேல் ஒரு ஆசை இருந்தது. நாற்பத்து மூன்று வயதில் யூனியன்காரர்கள் நடத்திய வகுப்பில் எழுத்துக் கற்றவன். பூமணிதான் பிடரியில் கைவைத்துத் தள்ளிவிட்டாள். இப்போது வயது ஐம்பத்தொன்று. எழுத்துக் கூட்டித்தான் படிப்பான், ஆனால் கண்ணில் பட்டதை விடமாட்டான்.

கடைசிப் பெட்டியில் அந்த ஸ்டூல் வந்தது. ஒரே மரத்தில் குடைந்தது. மேலே பலகை இரண்டு பக்கமும் பிறைபோல வளைந்து தூக்கியிருந்தது. நடுவே பூ வேலை செய்த தூண், கீழே தட்டையான அடிப்பலகை. டாக்டர் உட்கார்ந்த ஸ்டூல். நடு அறையில் அதற்கென்று ஒரு சிமெண்டுத் திட்டு கட்டச் சொல்லியிருந்தார் அந்தம்மா. நாகையாதான் கட்டினான். ரசமட்டம் வைத்து நாலு மூலையும் பார்த்து, கண்ணாடிபோல் தேய்த்து எடுத்திருந்தான்.

திறப்பு விழா வாரம், திங்கட்கிழமை மத்தியானம் நாகையா தே குடித்துவிட்டு வந்தபோது ஸ்டூல் திட்டின்மேல் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. அந்தம்மா தூக்க முடியாமல் போட்டுவிட்டார் போல என்று நினைத்து நிமிர்த்தி வைத்தான். செவ்வாய்க்கிழமை காலையில் வந்தால் மறுபடி சாய்ந்து கிடந்தது. நிமிர்த்தினான். அப்போது வீட்டுப் பின்னால் ஒரு சரக்கு ரயில் போனது. ஜன்னல் கண்ணாடி எல்லாம் கிணுகிணுத்தது.

"பாத்தியா? ரயிலு ஆட்டி ஆட்டித் தள்ளிவிடுது" என்றான் நாகையா.

"ரயிலு இல்ல லா. டாக்டரு எறங்கி வந்து ஒதைக்கிறாரு" என்றான் ராதாகிருஷ்ணன். "நீ கட்டுன திட்டு அவருக்குப் பிடிக்கல."

புதன்கிழமையும் சாய்ந்து கிடந்தது. நாகையாவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பழைய மரம். ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் அந்தப் பிறையின் முனை உடையும். உடைந்தால் சபாபதி யாரைப் பிடிப்பான் என்று தெரியும். அதைவிட, செத்துப் போன மனிதர் உட்கார்ந்த இடம் இப்படித் தள்ளிவிட்டதுபோல் கிடப்பது அவனுக்கு ஒத்துவரவில்லை. அவன் வீட்டிலும் பூமணியின் ரோத்தான் பிரம்பு நாற்காலி இருந்தது. கால் புண்ணாகி நடக்க முடியாமல் போன பிறகு அவள் நாளெல்லாம் அதில்தான் உட்கார்ந்திருப்பாள். அதில் யாரையும் அவன் உட்கார விட்டதில்லை. தினமும் துடைத்து, மெத்தையைத் தட்டி, சன்னலைப் பார்க்க வைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போவான். சாயங்காலம் அதற்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடுவான்.

வியாழக்கிழமை வேலை முடியும் நேரம். அந்தம்மா கோயிலுக்குப் போயிருந்தார். நாகையா கொஞ்சம் வெள்ளைச் சிமெண்டைச் சலித்தான். திட்டின் நடுவே ஸ்டூலின் அடிப்பலகை அளவுக்குக் கொத்தி, ஒரு விரல் ஆழத்துக்குக் கலவை போட்டு, ஸ்டூலை அதில் இறக்கினான். மேல் பலகையில் ரசமட்டம் வைத்துப் பார்த்தான். குமிழி நடுவில் நின்றது. ஓரத்தை ஈரத் துணியால் துடைத்து, மேலே நனைத்த சாக்கைப் போட்டான். ஒரு வருஷத்துக்குப் பிறகு ஒரு வேலையை நன்றாகச் செய்தோம் என்று அவனுக்குத் தோன்றியது அன்றைக்குத்தான்.

வெள்ளிக்கிழமை காலை லோரியை விட்டு இறங்கும்போதே புனிதவதி வாசலில் நின்றார்.

"ஆர் இதைச் செய்தது?"

"நான்தாம்மா" என்றான் நாகையா. "ரயிலு போறப்பல்லாம் விழுந்துகிட்டே இருந்துச்சு. இனிமே விழாதும்மா. பூமியே ஆடுனாலும் விழாது."

"அது விழேல்லை, நாகையா. ஒவ்வொரு நாளும் நான்தான் சரிச்சு வைச்சனான். ஆரோ தூசி கூட்டேக்கை நிமிர்த்தி வைக்கினம் எண்டு நினைச்சன்."

நாகையாவுக்குப் புரியவில்லை. அவர் உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். குரலை உயர்த்தவில்லை. வகுப்பில் சொல்லிக் கொடுப்பதுபோலவே சொன்னார்.

"அந்த நாட்டிலை ஒராள் தன்ரை ஸ்டூலை விட்டு எழும்பினா, அதைப் பக்கவாட்டிலை சரிச்சுப் போட்டுத்தான் போவினம். நிமிர்ந்து இருந்தா, அலைஞ்சு திரியிற ஆவி ஏதும் வந்து இருந்திடுமாம். சரிஞ்சு கிடந்தா, இருந்தவர் எழும்பிப் போட்டார், இது அவரின்ரை இடம் எண்டு அர்த்தம். தம்பி செத்த அண்டைக்கு அந்தச் சனமே இதைச் சரிச்சு வைச்சது. பெட்டிக்குள்ளையும் சரிச்சபடிதான் அனுப்பினவை. பன்ரெண்டு வருசம்."

சிமெண்டில் ஊன்றி நின்ற ஸ்டூலின் பிறையை அவர் விரலால் தடவினார்.

"ஞாயிற்றுக்கிழமை அங்கையிருந்து தம்பியோடை வேலை செய்த நர்ஸ் வாறா. அவ இதைப் பாத்தா என்ன நினைப்பா?"

"எடுத்துர்றேம்மா" என்றான் நாகையா.

சபாபதிக்கு விஷயம் போய், அவன் வந்து நின்று கத்தினான். "ஒன்னைச் செவரு கட்டச் சொன்னா சாமிய நட்டு வச்சிருக்கியே யா! ரெண்டு நாள் கூலி கட்!" நாகையா தலையை ஆட்டினான். கலவை போட்டு ஒரு இரவுதான் ஆகியிருந்தது, இன்னும் முழுசாக இறுகவில்லை. அது ஒன்றுதான் நல்லது. தரையில் குப்புறப் படுத்து, சின்ன உளியும் வாள் பிளேடுமாகச் சுரண்ட ஆரம்பித்தான். சுத்தியலை ஓங்கி அடிக்க முடியாது, மரம் பிளக்கும். ஒவ்வொரு மணலாக எடுக்கவேண்டும். ராதாகிருஷ்ணன் ஸ்டூலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"டாக்டரு இப்ப உண்மையிலேயே ஒதைப்பாரு."

"ஒதைக்கட்டும். நீ ஆட்டாமப் பிடி."

ஒன்பது மணிக்கு ஆரம்பித்தது, மூன்று மணிக்குத்தான் அடிப்பலகை அசைந்தது. அதுவரை நாகையா மனதில் ஒரே ஒரு வார்த்தைதான் போய்க்கொண்டிருந்தது. எழும்பிப் போட்டார். எழும்பிப் போட்டார். அந்தம்மா அதைச் சொன்ன விதத்தில் அழுகை எதுவும் இல்லை. ரயில் போய்விட்டது என்று சொல்வதுபோல் சொன்னார். எழுந்து போனவருக்கு இடம் இல்லை என்று ஆகிவிடவில்லை. இடம் இருந்தது. சாய்த்து வைத்திருந்தது, அவ்வளவுதான்.

கடைசித் துண்டு சிமெண்டை எடுத்ததும் இருவருமாகத் தூக்கினார்கள். அடிப்பலகையின் ஒரு மூலையில் நகத்தளவு வெள்ளை ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. சுரண்டினால் மரமும் சேர்ந்து வரும். விட்டுவிட்டார்கள்.

"நீரே வையும்" என்றார் புனிதவதி.

நாகையா அதைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்தான்.

மறுநாள் சனிக்கிழமை. வேலைக்குப் போகுமுன் நாற்காலியைத் துடைத்தான். மெத்தையை எடுத்துத் தட்டினான். மெத்தையைத் திரும்ப வைக்காமல் அலமாரிக்குள் வைத்தான். பிறகு நாற்காலியை மெல்லப் பிடித்து, சுவரோரமாகப் பக்கவாட்டில் சாய்த்தான். கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். உள்ளே ஏதாவது நடக்கும் என்று எதிர்பார்த்தான். ஒன்றும் நடக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான். சாயங்காலம் படையலுக்குச் சாமான் கேட்க வந்த சீதாலெட்சுமி அதைப் பார்த்துவிட்டு நிமிர்த்தக் குனிந்தாள்.

"ஏன் இது விழுந்து கெடக்கு?"

"விழல. அப்படியே இருக்கட்டும்."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். கையை எடுத்துக்கொண்டாள். அன்றைக்குப் பாக்கியைப் பற்றிக் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழாவுக்கு ஐம்பது அறுபது பேர் வந்தார்கள். கோட்டுப் போட்ட டாக்டர்கள், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற கிழவர்கள், சந்தில் குடியிருப்பவர்கள். நாகையாவும் ராதாகிருஷ்ணனும் சலவைச் சட்டையோடு பின்னால் நின்றார்கள். நர்ஸ் அக்கோசுவா வந்தார். அறுபது வயதிருக்கும். கெந்தே துணியைத் தோளில் போட்டு, தலையில் பெரிய கட்டு கட்டியிருந்தார். முரசைத் தொட்டார், சீப்புகளைப் பார்த்தார், இரும்புக் கவசங்களுக்கு முன்னால் நெடுநேரம் நின்றார். பிறகு ஸ்டூலுக்கு வந்தார். குனிந்து அடிப்பலகை மூலையில் இருந்த வெள்ளையை விரலால் தொட்டு, புனிதவதியிடம் ஏதோ கேட்டார்.

புனிதவதி இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே போனார். சொல்லும்போது நாகையா பக்கம் கை காட்டினார். நாகையா ராதாகிருஷ்ணனுக்குப் பின்னால் நகர்ந்தான். நர்ஸ் அவனையே பார்த்தார். திடீரென்று வயிறு குலுங்கச் சிரித்தார். அறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு எதையோ சொன்னார்.

"என்னாம்மா சொல்றாங்க?" என்றான் நாகையா.

புனிதவதியின் முகத்திலும் சிரிப்பு வந்திருந்தது. அவர் சிரித்து அவன் பார்த்ததில்லை.

"இருபத்தொரு வருசத்திலை தம்பி அந்த ஸ்டூலிலை பத்து நிமிசம் சேர்ந்தாப்போலை இருந்ததில்லையாம். சோத்தைப் போட்டு வைச்சா, ஆரோ கூப்பிடினம் எண்டு ஓடிப்போவாராம். உம்மடை சிமெண்டு அப்பவே இருந்திருந்தா, நாங்கள் அவரை ஒட்டிவைச்சுச் சாப்பிட வைச்சிருப்பம் எண்டு சொல்லுறா. அந்த வெள்ளையைச் சுரண்ட வேண்டாமாம். இருக்கட்டுமாம்."

கூட்டம் கலைந்தபின் நாகையா அட்டையைக் கண்டான். ஸ்டூலுக்குக் கீழே ஒட்டியிருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தான். அசாந்தி மக்களின் மர ஆசனம். உரியவர் எழுந்து சென்றதன் அடையாளமாகச் சாய்த்து வைக்கப்பட்டுள்ளது. இரண்டு தடவை படித்தான். இந்த அட்டை ஒரு வாரம் முன்னால் வந்திருந்தால் எவ்வளவு வேலை மிச்சம் என்று நினைத்துக்கொண்டான்.

போகும்போது புனிதவதி சபாபதியை நிறுத்தி வைத்து இருவருக்கும் முழுக் கூலியையும் கொடுக்கச் சொன்னார். சபாபதி எண்ணிக் கொடுத்தான்.

கிள்ளானில் லோரியை விட்டு இறங்கியபோது மணி ஐந்து இருக்கும். எதிர்ப்பக்கத்துத் தே கடைக்காரன் கை தூக்கினான். நாகையா வேண்டாம் என்று கையாட்டிவிட்டு ரோட்டைத் தாண்டினான். ஜெய்னுலாபுதீன் துணியை அளந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"வாங்கண்ணே. உக்காருங்க."

"இல்ல பாய். அந்தப் பாக்கி."

அவர் துணியை மடித்து வைத்தார். எவ்வளவு என்று கேட்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நாகையா மேசைமேல் நாற்பத்தேழு வெள்ளியையும் எண்பது காசையும் வைத்தான். அவர் எண்ணினார். இரண்டு வெள்ளி எண்பது காசைத் திருப்பி இந்தப் பக்கம் தள்ளினார்.

"என்னா பாய் இது?"

"நாப்பத்தஞ்சு போதும்."

"இனாமா எனக்கு வேணாம் பாய். அவ கட்டிட்டுப் போனது."

"இனாம் இல்லண்ணே. பதினேழு வருஷமா என் கடையில நான் சொன்ன வெலைக்கு அவங்க ஒரு கைக்குட்டைகூட எடுத்ததில்ல. அன்னைக்கு வெலை பேச அவங்க வரல. அதுக்காக முழுசா வாங்கிட்டேன்னு வைங்க, நாளைக்கு நான் மேல போனா என்னை நிக்க வச்சு கேப்பாங்க."

நாகையா அந்தச் சில்லறையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பூமணியா இருந்தா நாப்பதுக்குக் கேட்டிருக்கும்" என்றான்.

"கேட்டிருப்பாங்க லா. நான் குடுத்திருக்க மாட்டேன்."

நாகையா இரண்டு வெள்ளியையும் எண்பது காசையும் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். ஜெய்னுலாபுதீன் நோட்டைத் திறந்து பக்கத்தைத் தேடினார். அவன் கழுத்தை நீட்டி எழுத்துக் கூட்டினான். நாகையா. பச்சைப் புடவை ஒன்று. அவர் பேனாவைத் திறந்து அதன்மேல் ஒரு கோடு இழுத்து முடிக்கும்வரை நின்றான். பிறகு வீட்டுக்கு நடந்தான்.